வினைமுதல் மாறினால் வாக்கியம் தவறா?

கேள்வி: டெல்டா மாவட்டம் ஒன்றில் வட்டாட்சியர் அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக இருக்கிறேன். அறிவிப்புகளும் செய்திக்குறிப்புகளும் முதலில் என் மேசையில்தான் உருவாகும். அண்மையில் நான் எழுதிய இரண்டு வாக்கியங்களை எங்கள் துணை வட்டாட்சியர் சிவப்பு மையால் அடித்துவிட்டார். முதலாவது: "விண்ணப்பதாரர்கள் படிவத்தைப் பூர்த்தி செய்து, உரிய சான்றுகளை இணைத்து, 15ஆம் தேதிக்குள் இவ்வலுவலகத்தில் ஒப்படைக்கப்பட வேண்டும்." இரண்டாவது: "தொடர்மழை பெய்து ஏரி நிரம்பியதால் உபரிநீர் திறந்துவிடப்படுகிறது." இரண்டுக்கும் ஓரத்தில் ஒரே குறிப்பு: "வினைமுதல் மாறுகிறது." வினைமுதல் என்றால் எழுவாய்தானே? அது மாறினால் தவறு என்றால், நாளிதழ்களில் தினமும் "லாரி மோதி முதியவர் பலி" என்று வருகிறதே, மோதியது லாரி, இறந்தது முதியவர், அதுவும் தவறா? பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகளின் புத்தகத்தைப் புரட்டினால் "வினையைக் கொண்டு முடியும் எச்சம் வினையெச்சம்" என்பதோடு நின்றுவிடுகிறது. விளக்க வேண்டுகிறேன்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் அதிகாரி முதல் வாக்கியத்தை அடித்தது சரி. இரண்டாவதை அடித்திருக்க வேண்டியதில்லை. இரண்டிலும் வினைமுதல் மாறுகிறது என்பது உண்மை. ஆனால் மாறுவது எப்போது குற்றம், எப்போது குற்றமில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்தக் குறிப்பு முழுமையாகும். அவர் பாதியோடு நிறுத்திவிட்டார்.

முதலில் சொல்லைப் பார்த்துவிடுவோம். வினைமுதல் என்பது வினையைச் செய்பவர் அல்லது செய்வது. கருத்தா என்பதும் இதுவே. ஒரு வினை நடக்க என்னென்ன வேண்டும் என்று நன்னூல் ஒரு பட்டியல் தருகிறது: செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள். அதில் முதலில் நிற்கும் செய்பவன்தான் வினைமுதல். எழுவாய் வேறு கணக்கு. வேற்றுமை உருபு ஏற்காமல், திரியாமல் நின்று பயனிலையைக் கொள்ளும் பெயர் எழுவாய். முன்னது, நடந்த காரியத்தில் யாருக்கு என்ன பங்கு என்பதைப் பொறுத்தது. பின்னது, வாக்கியத்தில் எந்தப் பெயருக்கு எந்த இடம் என்பதைப் பொறுத்தது. "முருகன் மரத்தை வெட்டினான்" என்றால் முருகனே எழுவாய், முருகனே வினைமுதல். பெரும்பாலான வாக்கியங்கள் இப்படித்தான் அமைவதால் இரண்டும் ஒன்று என்று தோன்றிவிடுகிறது. "முருகனால் மரம் வெட்டப்பட்டது" என்று மாற்றிப் பாருங்கள். எழுவாய் மரம். வெட்டியவன் இன்னும் முருகன்தான்.

இனி விதிக்கு வருவோம். "பெய்து", "பெய்ய" போலத் தான் முடியாமல் நின்று இன்னொரு வினையைக் கொண்டு முடிவது வினையெச்சம். அதன் வடிவங்களுக்கு மாதிரியாகச் சொல்லும் "செய்து", "செய" போன்றவை வாய்பாடுகள். தொல்காப்பியம் வினையியலில் ஒன்பது வினையெச்ச வாய்பாடுகளைச் சொல்லி, அவற்றுள் முதல் மூன்றும் "வினைமுதல் முடிபின" என்கிறது. அதாவது எச்சத்தைச் செய்தவர் எவரோ அவரே அதை முடிக்கும் வினையையும் செய்ய வேண்டும். நன்னூல் வாய்பாடுகளைப் பன்னிரண்டாக்குகிறது: செய்து, செய்பு, செய்யா, செய்யூ, செய்தென, செய, செயின், செய்யிய, செய்யியர், வான், பான், பாக்கு. இது 343ஆம் நூற்பா. அடுத்த நூற்பா முதல் நான்கையும் கடைசி மூன்றையும் வினைமுதலோடு கட்டிவிட்டு, நடுவில் உள்ளவற்றுக்குக் கட்டு இல்லை, அவை பிற வினையும் ஏற்கும் என்று விட்டுவிடுகிறது.

இந்தப் பன்னிரண்டையும் மனப்பாடம் செய்யச் சொல்லமாட்டேன். செய்பு, செய்யூ, பாக்கு எல்லாம் இன்று பாட்டுக்கு உரை எழுதுபவர்களுக்கு மட்டுமே வேண்டும். "உண்ணா வந்தான்" என்றால் பழந்தமிழில் உண்டு வந்தான் என்றும் பொருள்படும், இன்று யாரும் அப்படிப் படிக்கமாட்டார்கள். நம் மேசைக்கு வருவது ஒரு பக்கம் "செய்து", மறுபக்கம் "செய". அவ்வளவுதான். "செய்து" என்பது ஒரே ஆளின் தொடர் செயல். "செய" என்பது ஆள் மாறலாம் என்ற அனுமதி. "மழை பெய்யக் குளம் நிறைந்தது" என்பதில் பெய்தது மழை, நிறைந்தது குளம், யாரும் குறை சொல்ல முடியாது.

இப்படி ஒரு ஏற்பாடு தமிழுக்கு ஏன் தேவைப்பட்டது? நாம் எழுவாயை விட்டுவிட்டுப் பேசுகிறவர்கள். "காலையிலேயே எழுந்து, குளித்து, கோயிலுக்குப் போய்விட்டு வந்து, இப்போதுதான் உட்கார்ந்தார்" என்று ஒருவர் சொன்னால், ஐந்து வினைகளுக்கும் ஆள் யார் என்று எங்கும் சொல்லவில்லை. கடைசியில் வரும் "ஆர்" விகுதி ஒன்றுதான் துப்பு. அந்த ஒரு துப்பை வைத்துக்கொண்டு ஐந்து வினைகளையும் ஒரே ஆள்மேல் ஏற்ற நம்மால் முடிகிறதென்றால், "செய்து" என்ற வடிவம் "ஆள் மாறவில்லை, கவலைப்படாதே" என்று நமக்குச் சொல்லிக்கொண்டே வருவதால்தான். இலக்கணம் படிக்காத பாட்டியும் இந்த விதிப்படிதான் பேசுகிறார். விதி தெரியாமல் போவது எழுதும்போதுதான், அதிலும் அலுவலகத் தமிழ் எழுதும்போது.

இப்போது உங்கள் முதல் வாக்கியம். எழுவாய் "விண்ணப்பதாரர்கள்". பூர்த்தி செய்பவர்கள் அவர்கள், இணைப்பவர்கள் அவர்கள். இந்த இரண்டு எச்சமும் போய் முடிகிற இடம் "ஒப்படைக்கப்பட வேண்டும்". யார் ஒப்படைக்கப்பட வேண்டும்? வாக்கியத்தின்படி விண்ணப்பதாரர்கள்தான். படிவத்தை நிரப்பி, சான்றுகளை இணைத்துக்கொண்டு, 15ஆம் தேதிக்குள் அவர்களையே யாராவது பிடித்துக்கொண்டுவந்து உங்கள் அலுவலகத்தில் ஒப்படைத்தாக வேண்டும் என்று அறிவித்திருக்கிறீர்கள். படிப்பவர்கள் அப்படிப் புரிந்துகொள்ளமாட்டார்கள் என்பது உண்மைதான். அது அவர்களுடைய பெருந்தன்மை. நீங்கள் சொல்ல நினைத்தது இதுதான்: "விண்ணப்பதாரர்கள் படிவத்தைப் பூர்த்தி செய்து, உரிய சான்றுகளை இணைத்து, 15ஆம் தேதிக்குள் இவ்வலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும்." எடுக்க வேண்டியது "ப்பட" என்ற அந்த ஒரு துண்டை மட்டும்தான்.

அந்தத் துண்டு எப்படி ஒட்டிக்கொண்டது என்று எனக்குத் தெரியும். 1956இல் ஆட்சிமொழிச் சட்டம் வந்து, கோப்புகளைத் தமிழில் எழுதத் தொடங்கியபோது முன்மாதிரியாகக் கையில் இருந்தவை ஆங்கில அறிவிக்கைகள். அவற்றை வரிக்கு வரி தமிழாக்கிய பழக்கத்தில் "படு" என்பது அரசாங்கத் தொனிக்கான அடையாளமாகவே ஆகிவிட்டது. "கேட்டுக்கொள்கிறோம்" என்றால் சாதாரணமாகத் தெரிகிறது, "கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" என்றால் முத்திரை குத்தியதுபோல் இருக்கிறது. படு கெட்ட சொல் இல்லை. செய்தவர் யார் என்று தெரியாதபோதும், சொல்ல வேண்டியதில்லாதபோதும் அது உதவும். வாக்கியத்தின் முற்பாதியைச் செய்வினையில் ஓட்டிவிட்டு, முடிவில் மட்டும் மரியாதைக்காகப் படுவைச் சேர்க்கும்போதுதான் வண்டி தடம் புரள்கிறது.

செய்திக்குறிப்புகளில் இதற்கு ஓர் இரட்டைப் பிறவி உண்டு: "மாவட்ட ஆட்சியர் முகாமைத் தொடங்கிவைத்து, பயனாளிகளுக்கு நலத்திட்ட உதவிகள் வழங்கப்பட்டன." தொடங்கிவைத்தவர் ஆட்சியர், வழங்கப்பட்டவை உதவிகள். "தொடங்கிவைத்து" என்ற எச்சம் போய்ச் சேர இடமில்லாமல் அந்தரத்தில் நிற்கிறது. ஆட்சியரே வழங்கினார் என்றால் "வழங்கினார்" என்று முடியுங்கள். அவர் தொடங்கிவைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார், வழங்கியவர் கோட்டாட்சியர் என்றால் முதல் வாக்கியத்தைத் "தொடங்கிவைத்தார்" என்று முடித்துவிட்டு அடுத்ததைப் புதிதாகத் தொடங்குங்கள். இங்கே இலக்கணம் திருத்தப் போனால் உண்மையும் வெளியே வந்துவிடும். மங்கலாக எழுதுவதற்கு அதுவேகூடச் சில நேரம் காரணமாக இருக்கும்.

இதே வகையில் இன்னொன்று: "கைது செய்யப்பட்டு விசாரித்து வருகின்றனர்." கைதானவர் ஒருவர், விசாரிப்பவர்கள் வேறு. "கைது செய்து விசாரித்து வருகின்றனர்" என்றால் இரண்டும் காவலர்கள் செயல், சரி. "கைது செய்யப்பட்டுச் சிறையில் அடைக்கப்பட்டார்" என்றாலும் சரி.

இந்தக் கடைசி எடுத்துக்காட்டில் கொஞ்சம் நிற்கலாம், உங்கள் "வினைமுதல்தானே எழுவாய்?" என்ற கேள்விக்கான பதில் இங்கேதான் சிக்கலாகிறது. "அவர் கைது செய்யப்பட்டு, மறுநாளே சிறையிலிருந்து தப்பினார்." வாக்கியத்தில் பழுதில்லை. கைது செய்த வினைமுதல் காவலர்கள், தப்பிய வினைமுதல் அவர். வினைமுதல் மாறிவிட்டது! மாறியும் வாக்கியம் நிற்கிறதே, எப்படி? எழுவாய் மாறவில்லை. கைது செய்யப்பட்டவரும் அவர், தப்பியவரும் அவர். ஆக, செயப்பாட்டுவினை கலந்த வாக்கியத்தில் நாம் காக்க வேண்டியது எழுவாயின் ஒருமையை.

சரி, எழுவாய்தான் விதி என்று குறித்துக்கொள்வதற்குள் இதையும் பாருங்கள்: "அந்தச் செய்தியைக் கேட்டு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது." "அவன் முழித்த முழியைப் பார்த்து எல்லோருக்கும் சிரிப்பு வந்தது." இரண்டாவதில் எழுவாய் சிரிப்பு. ஆனால் பார்த்தது சிரிப்பா? பார்த்தவர்கள் "எல்லோருக்கும்" என்று நான்காம் வேற்றுமையில் ஒதுங்கி நிற்கிறார்கள். எழுவாய் மாறியிருக்கிறது, வாக்கியமோ நூற்றுக்கு நூறு தமிழ். பார்த்தவர் எவரோ அவருக்கே சிரிப்பும் வந்தது என்பதால் நம் காதுக்கு உறுத்தவில்லை. பசி, கோபம், அழுகை, வெட்கம், ஞாபகம் போன்றவை "வரும்" வாக்கியங்கள் எல்லாம் இப்படித்தான். மரபான இலக்கணக்காரர் இதை வேறு வழியாக அமைதி கூறி, அதாவது விதிவிலக்காக ஏற்றுக் காரணம் காட்டித் தீர்ப்பார், அந்த வழியைக் கீழே சொல்கிறேன். என் கருத்தைக் கேட்டால், எழுவாய், வினைமுதல் என்ற இரண்டு பெயரில் எதுவும் தனியாக இந்த விதியை முழுதாகத் தாங்காது. வாக்கியம் யாரைப் பற்றியது, அந்த ஆள் நடுவில் கைமாறுகிறாரா என்பதே பார்க்க வேண்டியது. அப்படிப் பார்த்தாலும் உங்கள் முதல் வாக்கியம் தேறாது. அங்கே விண்ணப்பதாரரில் தொடங்கி, சொல்லாமலே படிவத்துக்குத் தாவிவிட்டீர்கள்.

இனி லாரி.

"லாரி மோதி முதியவர் பலி", "மின்சாரம் தாக்கி விவசாயி உயிரிழப்பு", "பாம்பு கடித்துச் சிறுமி சாவு", "சுவர் இடிந்து இருவர் காயம்." விதியை அப்படியே பிடித்தால் இவை எல்லாம் தவறாக வேண்டும். நாளிதழ் நடைதானே, தலைப்பில் இடம் இல்லாமல் நெருக்கியது என்று ஒதுக்கவும் முடியாது. திருக்குறளின் பதினோராவது குறளே இப்படித்தான் தொடங்குகிறது: "வான்நின்று உலகம் வழங்கி வருதலால்." நிற்பது வான், வழங்கி வருவது உலகம். ஆள் வேறு. இங்கே பரிமேலழகர் "நிற்ப" என்பது "நின்று" எனத் திரிந்து நின்றது என்று எழுதுகிறார். அதாவது "செய" வர வேண்டிய இடத்தில் "செய்து" வந்திருக்கிறது, பொருள் "செய" என்பதுதான். இதற்கு எச்சத்திரிபு என்று பெயர். நன்னூல் 346ஆம் நூற்பா இதற்கு இடம் தருகிறது: "சொல்திரியினும் பொருள்திரியா வினைக்குறை." வினைக்குறை என்பது வினையெச்சம். வடிவம் மாறினாலும் பொருள் மாறாது என்பது கருத்து. "ஞாயிறு பட்டு வந்தான்" என்பது உரைகாரர்களின் பழைய எடுத்துக்காட்டு. ஞாயிறு படவும் அவன் வந்தான் என்பது பொருள், ஞாயிறு வரவில்லை. மேலே சொன்ன "செய்தியைக் கேட்டு எனக்கு" என்பதையும் மரபு வழி நிற்பவர் "கேட்க" என்பதன் திரிபு என்றே முடிப்பார்.

ஆனால் எச்சத்திரிபு என்ற பெயரைக் கையில் வைத்துக்கொண்டு எதை வேண்டுமானாலும் நியாயப்படுத்தலாமா? உங்கள் "ஒப்படைக்கப்பட"வுக்கும் அதே பெயரைச் சூட்டி உயிர்கொடுக்கலாமே? இந்த இடத்தில் பழைய நூற்பா நமக்கு அதிகம் உதவாது. அது நடந்துபோன வழக்குக்கு அமைதி சொல்கிறது, நாளைக்கு எழுதப் போகிறவருக்கு எல்லை போட்டுக் கொடுக்கவில்லை. பிரதி திருத்தும் மேசையில் நான் பார்ப்பது இரண்டு. எச்சத்தின் வினைமுதல் அதன் பக்கத்திலேயே வெளிப்படையாக நிற்கிறதா? எச்சம் காரணமாகவும் முடிக்கும் வினை அதன் விளைவாகவும் இருக்கின்றனவா? இரண்டும் இருந்தால் கைவைக்கமாட்டேன். லாரி மோதியது காரணம், முதியவர் இறந்தது விளைவு. லாரி என்ற சொல் "மோதி"க்கு ஒட்டியே நிற்கிறது. படிப்பவர் ஒரு நொடிகூடக் குழம்பமாட்டார்.

காரணம் என்ற பிடிப்பு இல்லாமல் வெறும் வரிசை மட்டும் இருந்தால் உடனே பல்லில் கல் அகப்படும். "அவர் காப்பி குடித்து நான் கிளம்பினேன்" என்று யாராவது சொல்வார்களா? "அவர் காப்பி குடித்ததும் நான் கிளம்பினேன்" என்றுதான் வரும். அந்த எச்சத்தை எடுத்துவிட்டு "-ததால்" போட்டுப் பார்ப்பது ஒரு கைகண்ட சோதனை. "தொடர்மழை பெய்ததால் ஏரி நிரம்பியது": பொருந்துகிறது. ஆகவே "தொடர்மழை பெய்து ஏரி நிரம்பியது" என்பதும் நிற்கும். உங்கள் இரண்டாவது வாக்கியம் இந்த வழியில் பிழைத்துவிடுகிறது. "படிவத்தைப் பூர்த்தி செய்ததால் ஒப்படைக்கப்பட வேண்டும்": பொருந்தவில்லை.

சோதனையில் தேறினாலும் நான் மாற்றிவிடும் வாக்கியங்கள் உண்டு. "மருத்துவர்கள் உடனே அறுவை சிகிச்சை செய்து குழந்தை பிழைத்தது." காரணம் இருக்கிறது, வினைமுதல் பக்கத்தில் நிற்கிறது, ஆனாலும் "மருத்துவர்கள் சிகிச்சை செய்து" என்றதும் மனம் மருத்துவர்களின் அடுத்த செயலுக்காகக் காத்திருக்கத் தொடங்கிவிடுகிறது. "காப்பாற்றினர்" என்று வரும் என்று எதிர்பார்க்கிறோம், குழந்தை வந்து குறுக்கே நிற்கிறது. மனிதர் மனம்வைத்துச் செய்யும் செயலை எச்சமாக்கினால் இந்த எதிர்பார்ப்பு வலுவாக இருக்கும், மழைக்கும் லாரிக்கும் அவ்வளவு இராது. அதனால் எழுத்தில் "செய்ததில் குழந்தை பிழைத்தது" என்று ஆக்கிவிடுவேன். பேச்சில் கதையே வேறு. "நீ சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?", "அவன் சம்பாதித்தா இந்த வீட்டில் அடுப்பு எரிகிறது?" என்று கேட்கும்போது முழு அழுத்தமும் அந்த எச்சத்தின்மேலேயே விழுவதால் ஆள் மாறுவது யாருக்கும் உறைப்பதில்லை.

வேறு சில விலக்குகளையும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். காலக்கணக்கு சொல்லும்போது "அப்பா இறந்து பத்து வருடம் ஆகிறது", "கரண்ட் போய் ஒரு மணி நேரமாச்சு" என்று தாராளமாக ஆள் மாறும். "உம்" சேர்ந்தால் கட்டு தளரும்: "இவ்வளவு மழை பெய்தும் குளம் நிரம்பவில்லை." எதிர்மறையிலும் அப்படியே: "மழை பெய்யாமல் பயிர் வாடியது." மாறாக "செய்துவிட்டு", "செய்துகொண்டு" இரண்டும் விடாப்பிடியானவை, ஒரே ஆளைத்தான் ஏற்கும். "மழை பெய்துவிட்டு ஏரி நிரம்பியது" என்று சொல்லிப் பாருங்கள், நாக்கே தடுக்கும்.

உறுப்பின் வினை என்று இன்னொரு வகை உண்டு. "மாடு கால் ஒடிந்து விழுந்தது" என்பதில் ஒடிந்தது கால், விழுந்தது மாடு. உறுப்பின் வினை உறுப்போடும் முடியலாம், உறுப்பை உடைய முதலோடும் முடியலாம் என்று தொல்காப்பியமும் நன்னூலும் அனுமதித்துவிட்டன. இந்த விதியைப் படித்தபோது இது மாட்டுக்கும் மனிதனுக்கும் மட்டும் என்று நினைத்திருப்போம். நாளிதழைத் திறந்தால் "டயர் வெடித்து வேன் கவிழ்ந்து மூவர் காயம்" என்று இருக்கிறது. டயர் வேனின் உறுப்பு, ஆகவே "வெடித்து" என்பது வேனோடு முடிவதற்கு இந்தச் சினைவினை (உறுப்பின் வினை) விதியே போதும். வேன் கவிழ்ந்ததும் மூவர் காயமடைந்ததும் காரண காரியம், அங்கே எச்சத்திரிபு. ஆறு சொல் தலைப்பில் நன்னூலின் அடுத்தடுத்த இரண்டு நூற்பாக்கள். எழுதிய உதவி ஆசிரியருக்கு அவசரத்தில் இரண்டுமே நினைவில் இருந்திருக்காது.

செய்திக்குறிப்பு எழுதுபவர் என்பதால் உங்களுக்கு வேறொரு வகை வாக்கியத்தையும் காட்ட வேண்டும். இதில் விதி மீறப்படுவதில்லை, ஆனாலும் பொருள் கெடும். "பொதுமக்கள் கத்தியைக் காட்டி மிரட்டிப் பணம் பறித்துத் தப்பி ஓடியவர்களை விரட்டிப் பிடித்துப் போலீசில் ஒப்படைத்தனர்." இலக்கணப்படி குற்றமில்லை. காட்டி, மிரட்டி, பறித்து, தப்பி என்ற நான்கும் "ஓடியவர்களை" என்ற வினையாலணையும் பெயரில் போய் அடைந்துவிடுகின்றன. விரட்டி, பிடித்து என்ற இரண்டும் "ஒப்படைத்தனர்" என்பதில் முடிகின்றன. ஆனால் "பொதுமக்கள்" என்று முதலிலேயே போட்டுவிட்டதால், "ஓடியவர்களை" வரும்வரை கத்தி பொதுமக்கள் கையில்தான் இருக்கிறது. படிப்பவர் பாதி வழி போய்த் திரும்பி வர வேண்டியிருக்கிறது. எழுவாயை நகர்த்துங்கள்: "கத்தியைக் காட்டி மிரட்டிப் பணம் பறித்துத் தப்பி ஓடியவர்களைப் பொதுமக்கள் விரட்டிப் பிடித்துப் போலீசில் ஒப்படைத்தனர்." ஒரு சொல்லும் கூடவில்லை, குறையவில்லை. தமிழில் எழுவாயை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம் என்று சொல்வார்கள். வைக்கலாம், ஆனால் அதற்கும் அதன் வினைக்கும் நடுவில் வேறொருவரின் எச்சங்கள் வரிசைகட்டி நின்றால், அவை அத்தனையும் முதலில் நிற்பவர் கணக்கில் ஏறும்.

நீளமான வாக்கியம் எழுதி முடித்ததும் ஒவ்வொரு எச்சத்தின்மேலும் பேனாவை வைத்து "யார்?" என்று கேளுங்கள். "பூர்த்தி செய்து", யார்? விண்ணப்பதாரர். "இணைத்து", யார்? விண்ணப்பதாரர். "ஒப்படைக்கப்பட", எது? படிவம். இங்கே "யார்" என்பது "எது" என்று மாறுவது கண்ணில் பட்டுவிடும். மூன்று நான்கு எச்சங்களுக்கு மேல் போனால் கேள்வி கேட்கும் பொறுமையும் போய்விடும். அங்கே வாக்கியத்தை உடைத்துவிடுவதே நல்லது.

"செய்து" சரிவராத இடங்களில் எல்லாம் "செய" போட்டுத் தப்பிக்கலாம் என்றும் நினைக்க வேண்டாம். விதிப்படி அது சரி, இன்றைய உரைநடையில் அதற்கு வேறு தொல்லை. "அவர் கதவைத் திறக்க உள்ளே வந்தார்" என்றால், அவர் திறந்ததும் வேறொருவர் வந்தாரா, திறப்பதற்காக அவரே வந்தாரா? "செய" என்பது காரணத்துக்கும் வரும், நோக்கத்துக்கும் வரும். "மழை பெய்யக் குளம் நிறைந்தது" என்பதில் காரணம், "குளம் நிறைய மழை பெய்தது" என்பதில் விளைவு என்று உரைகாரர்கள் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். இன்று பேச்சு வழக்கில் நோக்கப் பொருள்தான் மேலோங்கி நிற்கிறது: சாப்பிட வந்தான், பார்க்கப் போனாள். அதனால் ஆள் மாறும் இடங்களில் திறந்ததும், திறந்தபோது, திறந்ததால் என்று தெளிவாகச் சொல்லிவிடுவதே அறிவிப்புக்கு ஏற்றது.

மகளின் பாடப்புத்தகத்தில் உள்ள வரையறையில் தவறில்லை. பத்தாம் வகுப்பில் எச்சத்தை அடையாளம் காணத் தெரிந்தால் போதும் என்று வைத்திருக்கிறார்கள். அவர் தெரிநிலை, குறிப்பு என்ற பிரிவைப் படித்துக்கொண்டால் தேர்வுக்குப் போதுமானது. 344, 345, 346ஆம் நூற்பாக்கள் ஆர்வமிருந்தால் பிறகு.

உங்கள் அதிகாரியிடம் முதல் வாக்கியத்துக்கு நன்றி சொல்லிவிடுங்கள், அவர் இல்லாவிட்டால் அது அச்சாகிச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கும். ஏரி வாக்கியத்துக்குப் பரிமேலழகரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அவர் அறைக்குப் போகலாம், இலக்கண ஆர்வம் உள்ளவர்போல் தெரிகிறது, ரசிக்கவும் கூடும். கோப்பு அவசரம் என்றால் "தொடர்மழையால் ஏரி நிரம்பியதால்" என்று எழுதப் போய் இரண்டு "ஆல்" அடுத்தடுத்து இடிக்க விடாமல், "தொடர்மழையில் ஏரி நிரம்பிவிட்டதால் உபரிநீர் திறந்துவிடப்படுகிறது" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். உபரிநீர் திறக்கும் செய்தி கரையோர மக்களுக்கு அன்றே போய்ச் சேர வேண்டியது.